புண்காத்த பெருந்தகை

நுழையும்முன்

அறுவைச் சிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருபவை கத்தியும் அறுவை அரங்கமும்தாம். ஆனால், அச்சிகிச்சை வென்றதா தோற்றதா என்பதை அதற்குப் பின்வரும் நாள்களே முடிவு செய்கின்றன. தைக்கப்பட்ட புண் சீழ் பிடிக்காமல் ஆற வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அஃது அரிதாகவே நிகழ்ந்தது. அந்நிலையை மாற்றிய மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பொதிகை அடிவாரத்தில்

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கடையம். பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் அது. பாரதியாரும் 1918 முதல் 1920 வரை அங்கு வாழ்ந்தார். இராமநதியும் கடனாநதியும் வளப்படுத்தும் வயல்கள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. அங்குள்ள உழவர் ஒருவர் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ சென்று, குடலிறக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புவது இன்று பெருஞ்செய்தியன்று. உற்றார் வந்து நலம் விசாரிப்பர். சில வாரங்களில் அவர் மீண்டும் வரப்பில் நடப்பார். வயிற்றைக் கீறியவர் பிழைப்பாரா என்னும் அச்சம் அவ்வீட்டில் பெரிதாக எழுவதில்லை.

அவ்வச்சம் மனித இனத்தைப் பல்லாயிரம் ஆண்டுகள் வாட்டியது. புண்பட்டவரைக் காப்பது குறித்து நம் முன்னோரும் எண்ணினர். போரில் புண்பட்ட வீரனின் இல்லத்தில் வேப்பிலையைச் செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பி, இசையொலியோடு அவனைக் காத்த காட்சியைப் புறநானூறு காட்டுகிறது. வாளால் பிளந்த மார்பை ஊசியால் தைத்த செய்தியைப் பதிற்றுப்பத்து தருகிறது. பொதிகை அடிவாரத்து மக்கள் காயத்திற்கு மஞ்சளையும் மூலிகைச் சாற்றையும் நெடுங்காலம் பயன்படுத்தினர். புண்பட்டவரைத் தனியே வைத்துப் பேண வேண்டும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. ஆனால், புண் ஏன் அழுகுகிறது என்னும் வினாவிற்கு உலகில் எவரிடத்தும் சரியான விடை இல்லை. அவ்விடையைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் இங்கிலாந்து நாட்டினரான லிஸ்டர்.

கண்ணாடிவில்லைகளின் வீட்டில்

இலண்டனுக்கு அருகிலுள்ள அப்டன் என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஜோசப் லிஸ்டர் பிறந்தார். தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் வணிகர். ஓய்வு நேரத்தில் அறிவியலில் ஈடுபட்டவர். அக்காலத்து நுண்ணோக்கிகளில் பொருள்கள் வண்ண விளிம்புகளோடு மங்கலாகத் தெரிந்தன. அக்குறையை நீக்கும் வில்லை அமைப்பைத் தந்தை உருவாக்கினார். அதனால் அவர் இங்கிலாந்து அரசு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் உலகம் மைந்தருக்குச் சிறுவயதிலேயே அறிமுகமானது இவ்வாறுதான். பிற்காலத்தில் பிற மருத்துவர்கள் நம்ப மறுத்த ஒன்றை அவர் எளிதில் ஏற்றுக்கொண்டதற்கு இவ்வில்லச் சூழலும் ஒரு காரணம்.

லிஸ்டரின் குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அப்பிரிவினருக்கு அன்று திறக்கப்படவில்லை. எனவே, சமய வேறுபாடு பாராமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பயின்றார். 1852இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சைமின் மகள் ஆக்னஸை 1856இல் மணந்தார். தம் பிரிவைச் சாராத பெண்ணை மணந்ததால் குவேக்கர் அமைப்பிலிருந்து விலகினார்.

ஆக்னஸ் கணவரின் ஆய்வுத் துணையாகவும் விளங்கினார். லிஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளுள் பல ஆக்னஸின் கையெழுத்திலேயே உள்ளன. கணவர் நுண்ணோக்கியில் கண்டு சொல்லச் சொல்ல, மணிக்கணக்கில் அமர்ந்து அவர் எழுதினார்.

வலி நீங்கியது; மரணம் நீங்கவில்லை

லிஸ்டர் மாணவராக இருந்தபோது அறுவை மருத்துவத்தில் பெரும்மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அதற்குமுன் நோயாளியைப் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலற உறுப்பை அறுத்தனர். விரைவாக அறுப்பவரே சிறந்த மருத்துவராகக் கருதப்பட்டார். 1846ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இலண்டனில் இராபர்ட் லிஸ்டன் என்னும் மருத்துவர், ஈதர் என்னும் மயக்க மருந்தைத் தந்து நோயாளி ஒருவரின் காலை நீக்கினார். நோயாளி வலியை உணரவில்லை. அதனைக் கண்டோருள் மாணவர் லிஸ்டரும் ஒருவர் என்பர்.

வலியை வென்றதும் மருத்துவர்கள் துணிவு பெற்றனர். முன்பு தொடத் தயங்கிய உறுப்புகளையும் அறுக்கத் தொடங்கினர். அறுவைகள் பெருகின; அவற்றோடு மரணங்களும் பெருகின. அறுவை அரங்கில் உயிர்பிழைத்தவர் படுக்கைக்குத் திரும்பிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சலுற்றார். புண் சிவந்து வீங்கிச் சீழ் பிடித்தது. பின்னர்த் தசை அழுகியது. நஞ்சு குருதியில் கலந்தது. மருத்துவமனை என்றாலே மக்கள் அஞ்சினர்.

அழுகலுக்குக் கெட்ட காற்றே காரணம் என மருத்துவர்கள் நம்பினர். புண்ணில் சீழ் வருவது நலம்பெறும் வழியில் இயல்பான ஒரு கட்டம் என்றும் பலர் கருதினர். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்தனர். குருதி படிந்து விறைத்த பழைய மேலங்கியை அறுவையின்போது அணிந்தனர். அதன் கறை அவரது பட்டறிவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஒரே கடற்பஞ்சினால் ஒருவர் புண்ணைத் துடைத்துவிட்டு அடுத்தவர் புண்ணையும் துடைத்தனர். கட்டை அவிழ்த்த விரல்கள் கழுவப்படாமலேயே அடுத்த படுக்கைக்குச் சென்றன. அவர்களுள் பெரும்பாலோர் திறமையும் இரக்கமும் உடையவர்கள். தம் கையே நோயைச் சுமந்து செல்கிறது என்பதை மட்டும் அறியாதிருந்தனர்.

கிளாஸ்கோ மருத்துவமனையில்

1860இல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு, அந்நகரின் அரசு பொதுமருத்துவமனையில் புதிதாகக் கட்டப்பட்ட அறுவைப் பிரிவு ஒன்று அவர் பொறுப்பில் விடப்பட்டது. கிளாஸ்கோ அப்போது ஆலைகளும் துறைமுகமும் நெருங்கிய தொழில்நகரம். எந்திரத்தில் சிக்கியோரும் வண்டியடியில் விழுந்தோரும் நாள்தோறும் கொண்டுவரப்பட்டனர். புதிய கட்டடத்தால் மரணம் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அங்கும் புண்கள் அழுகின. 1849இல் வாந்திபேதியால் மாண்டோரைப் புதைத்த சவப்பெட்டிகள், அக்கட்டடச் சுவரையொட்டித் தரைக்குச் சற்றுக் கீழேயே கிடந்தது பின்னர்த் தெரியவந்தது.

1864, 1866 ஆகிய ஈராண்டுகளில் அப்பிரிவில் 35 பேருக்குக் கையோ காலோ நீக்கப்பட்டது. அவர்களுள் 16 பேர் இறந்தனர். இவ்வெண்களைத் தொகுத்து உலகறிய வெளியிட்டவர் லிஸ்டரே. தம் படுக்கைகளில் நிகழ்ந்த மரணத்தை விதியென்றோ காற்றின் குற்றமென்றோ ஒதுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்கினார். எலும்பு உள்ளே முறிந்து, மேலே தோல் கிழியாதிருந்தால் அது பெரும்பாலும் ஆறிவிடுகிறது. முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தாலோ புண் அழுகுகிறது, காலை நீக்க நேர்கிறது, பலர் இறக்கின்றனர். இரண்டிலும் எலும்பும் தசையும் சிதைகின்றன. வேறுபாடு தோல் திறந்தது மட்டுமே. அவ்வாயில் வழியாக உள்ளே நுழைவது எது என்பதே அவர் தேடிய வினா.

பாஸ்டர் காட்டிய வழி

1865இல், கிளாஸ்கோவின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளை லிஸ்டரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். பால் புளிப்பதும் பழச்சாறு நொதிப்பதும் இறைச்சி அழுகுவதும் நுண்ணுயிர்களின் செயலே என்று பாஸ்டர் நிறுவியிருந்தார். அன்னப்பறவையின் கழுத்தைப்போல் வளைந்த குழாயுடைய குடுவையில் அவர் சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே சென்றபோதும் தூசு வளைவிலேயே தங்கியதால் சாறு கெடவில்லை. குழாயை உடைத்ததும் சாறு கெட்டது. எனவே, அழுகலுக்குக் காரணம் காற்றன்று. காற்றிலுள்ள தூசோடு வரும் உயிர்களே.

சாற்றைக் கெடுக்கும் உயிர்களே புண்ணையும் கெடுக்கலாம் என லிஸ்டர் உய்த்துணர்ந்தார். அவ்வுயிர்களை வெப்பத்தால் கொல்லலாம்; வடிகட்டி நீக்கலாம்; வேதிப்பொருளாலும் அழிக்கலாம். மனித உடலைக் கொதிக்க வைக்கவோ வடிகட்டவோ இயலாது. எஞ்சியது மூன்றாம் வழியே. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடை நீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்தப்பட்டது. அந்நீர் பாய்ந்த வயலில் மேய்ந்த மாடுகளும் ஒட்டுண்ணி நோயிலிருந்து விடுபட்டன. இச்செய்தியை லிஸ்டர் அறிந்திருந்தார். அவ்வமிலத்தையே புண்ணில் இட்டுப் பார்க்க முடிவு செய்தார்.

1865 மார்ச்சில் அவர் செய்த முதல் முயற்சி தோற்றது. தாம் புண்ணைச் சரிவரப் பேணாததே அத்தோல்விக்குக் காரணம் என அவர் பதிவு செய்தார். ஐந்து மாதங்கள் காத்திருந்தார்.

சிறுவனின் கால்

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். வண்டிச்சக்கரம் ஏறியதால் அவனது இடக்கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. வழக்கப்படி காலை நீக்கியிருந்தால் அவன் உயிர் பிழைத்தாலும் வாழ்நாள் முழுதும் ஊன்றுகோலுடன் நடந்திருப்பான். நீக்காமல் விட்டால் புண் அழுகி இறக்கவும் கூடும். லிஸ்டர் காலை நீக்கவில்லை. கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த மெல்லிய துணியைக் காயத்தின்மீது வைத்தார்; எலும்பைச் சேர்த்துச் சிம்பு வைத்துக் கட்டினார்.

நான்காம் நாள் சிறுவன் காயத்தில் வலிப்பதாகக் கூறினான். அழுகல் வெளிப்படும் நாளும் அதுவே. லிஸ்டர் கட்டை அவிழ்த்தார். சீழின் நாற்றம் எழவில்லை. அமிலம் பட்ட இடத்தில் தோல் சற்றுச் சிவந்திருந்தது, அவ்வளவே. அமிலத்தின் கடுமையைக் குறைத்து மீண்டும் கட்டினார். ஏறத்தாழ ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் இரு கால்களோடு நடந்து வீடு சென்றான்.

வரலாற்றின் துயரமான நிகழ்வு ஒன்று அதற்கு மறுநாள் நிகழ்ந்தது. ஆகஸ்டு 13ஆம் நாள், வியன்னாவின் மனநலக் காப்பகம் ஒன்றில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அங்கேரிய மருத்துவர் இறந்தார். 1847இல் வியன்னா மருத்துவமனையில், பிரசவம் பார்க்கும் முன் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என விதித்தவர் அவர். அதனால் அங்குத் தாய்மார் இறப்பு நூற்றுக்கு 18 என்னும் நிலையிலிருந்து இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. எனினும், உலகம் அவரை ஏற்கவில்லை. அவமதிப்புற்று மனம் சிதைந்த அவர், இறுதியில் புண்ணில் ஏற்பட்ட தொற்றினாலேயே மாண்டார். அவருடைய பணியை லிஸ்டர் அப்போது அறிந்திருக்கவில்லை.

கிரீன்லீஸைத் தொடர்ந்து, எலும்பு முறிந்து தோல் கிழிந்த மேலும் பலருக்கு லிஸ்டர் இம்முறையில் மருத்துவம் செய்தார். 1867இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் தொடர் கட்டுரைகளாக அவற்றை வெளியிட்டார். அவர் விளக்கிய 11 பேருள் ஒருவர் இறந்தார். ஒருவர் காலை இழந்தார். ஒன்பதின்மர் உறுப்போடு நலம் பெற்றனர். இறப்பையும் இழப்பையும் அவர் மறைக்கவில்லை. அவ்வாண்டிலேயே அவருடைய சகோதரி இசபெல்லா மார்பகப் புற்றுநோயுற்றார். லிஸ்டர் தம் இல்லத்திலேயே சகோதரிக்கு அறுவை செய்தார். அப்புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. இசபெல்லா மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

1867 முதல் 1869 வரை அவர் பிரிவில் உறுப்பு நீக்கப்பட்ட 40 பேருள் இறந்தோர் 6 பேர் மட்டுமே. கட்டடம் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. அவர்களைத் தொட்ட கைகளே மாறியிருந்தன.

கட்டு மாற்றும் கடமை

லிஸ்டரின் கண்டுபிடிப்பு கார்பாலிக் அமிலம் என்று கூறுவோர் உளர். அமிலத்தை அவருக்கு முன்பே சிலர் பயன்படுத்தினர். புண் உண்டான கணம் முதல் அது முழுதும் ஆறும்வரை, அதனுள் ஒரு கிருமியும் நுழைய வழிவிடாத ஒழுங்குமுறையே அவர் கண்டது. அறுவைக்கு முன் கைகளையும் கருவிகளையும் அமிலக் கரைசலில் தோய்த்தல், நோயாளியின் தோலைத் தூய்மை செய்தல், உள்ளே விட்டுவைக்கும் நரம்புத்தையல்களையும் கிருமி நீக்கிப் பயன்படுத்தல் ஆகியவை அவ்வொழுங்கின் முற்பகுதி.

அறுவைக்குப் பின்வரும் நாள்களுக்கும் அவர் அதே கவனத்தை அளித்தார். எண்ணெய் பூசிய பட்டுத்துணியைப் புண்ணின்மேல் வைத்து, அமிலத்தின் கடுமை புதிய தோலைத் தீண்டாமல் காத்தார். அதன்மேல் அமிலம் ஊட்டிய வலைத்துணியை எட்டு மடிப்பாக வைத்தார். நீர்புகாத் துணியால் மூடினார். கசிவு வெளித்தெரியும்வரை தேவையின்றிக் கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும்போதெல்லாம் அறுவைக்கு உரிய அத்தனை கவனத்தையும் மேற்கொண்டார். மாணவர் ஒருவர் கழுவாத விரலால் ஒருமுறை தொட்டாலும், பல நாள் உழைப்பு வீணாகும் என்பதை அறிந்து, கட்டு மாற்றும் பணியைப் பலமுறை தாமே செய்தார்.

1869இல் அவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு நோயுற்றிருந்த சிறுமி ஒருத்தியின் புண்ணுக்குக் கட்டு மாற்றியதும், அவள் கால் பிய்ந்த தன் பொம்மையை அவரிடம் நீட்டினாளாம். அவர் ஊசியும் நூலும் வரவழைத்து, பொம்மையின் காலையும் பொறுமையாகத் தைத்துக் கொடுத்தார் என்பர்.

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி எலும்பு காசநோயால் ஒரு காலை இழந்தவர். மற்றொரு காலையும் நீக்க வேண்டும் எனப் பிற மருத்துவர்கள் கூறியபின், 1873இல் அவர் லிஸ்டரை நாடினார். ஏறத்தாழ இருபது மாதங்கள் மருத்துவமனையில் தங்கினார். அக்கால் காப்பாற்றப்பட்டது. அந்நாள்களில் தாம் கண்ட மருத்துவமனை வாழ்வை அவர் கவிதைகளாக்கினார்.

1871இல் விக்டோரியா அரசியாரின் அக்குளில் பெரிய சீழ்க்கட்டி தோன்றியது. லிஸ்டர் அதனைக் கீறிச் சீழை வெளியேற்றினார். அப்போது காற்றில் அமிலத்தைத் தெளித்த மருத்துவர் கைதவறி, அரசியாரின் முகத்திலும் சிறிது தெளித்துவிட்டாராம். மறுநாள் சீழ் முழுதும் வடியாததைக் கண்ட லிஸ்டர், தெளிப்புக் கருவியின் இரப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி, இரவு முழுதும் அமிலத்தில் ஊறவைத்துப் புண்ணில் பொருத்தினார். சீழ் வடிந்தது, அரசியார் நலம் பெற்றார். எளிய நோயாளிகளுக்குச் செய்த முறையையே அவர் அரசியாருக்கும் செய்தார்.

ஏற்பும் எதிர்ப்பும்

செருமனியிலும் டென்மார்க்கிலும் அறுவை மருத்துவர்கள் லிஸ்டரின் முறையை விரைந்து ஏற்றனர். அவர் பிறந்த நாட்டிலோ எதிர்ப்பு நீடித்தது. கண்ணால் காணாத உயிர்களை எப்படி நம்புவது எனச் சிலர் எள்ளினர். சிலர் அமிலத்தைப் புண்ணில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவாமல் விட்டனர். பயனில்லை எனக் குறை கூறினர். அமிலம் கைகளை வெண்மையாக்கி மரத்துப்போகச் செய்தது. அதனால் பலர் வெறுத்தனர். தம் கையால் இத்தனை பேர் இறந்தனர் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராததும் அவ்வெதிர்ப்பின் உள்ளே மறைந்திருந்தது.

எதிர்ப்பு மிகுந்த இலண்டனிலேயே பணியாற்ற வேண்டும் என லிஸ்டர் கருதினார். எடின்பரோவில் நானூறு மாணவர்கள் வரை கேட்ட பேராசிரியர், 1877இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோது மிகச் சிலரே அவர் வகுப்புக்கு வந்தனர். அவ்வாண்டு அக்டோபரில், தோல் கிழியாமல் முழங்கால் சில்லு உடைந்த ஒருவருக்கு அவர் மூட்டைத் திறந்து, வெள்ளிக் கம்பியால் சில்லை இணைத்தார். மூடிய மூட்டைத் திறப்பது கொலைக்கு ஒப்பானது எனப் பலர் கண்டித்தனர். புண் சீழின்றி ஆறியது. நோயாளி நடந்தார். அதன்பின் எதிர்ப்பு மெல்லத் தணிந்தது.

தவற்றை ஒப்பிய தகைமை

காற்றில் உள்ள கிருமிகளைக் கொல்ல, அறுவையின்போது அமிலத்தை நுண்துளிகளாகத் தெளிக்கும் முறையை லிஸ்டர் பல ஆண்டுகள் பின்பற்றினார். அறையில் இருந்தோர் அனைவரும் இருமினர், கண்கள் எரிந்தன. காலப்போக்கில், காற்றிலிருந்து வரும் ஆபத்து சிறிது என்பதும், கைகளாலும் கருவிகளாலும் துணிகளாலும் வருவதே பெரிது என்பதும் தெளிவாயின. 1890இல் பெர்லினில் கூடிய உலக மருத்துவ மாநாட்டில், தெளிப்பு முறையைத் தாம் பரிந்துரைத்ததற்கு வெட்கப்படுவதாக லிஸ்டர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உலகமே போற்றிய நாளில், தம் பெயரோடு இணைந்த ஒன்றைத் தாமே கைவிட்டார்.

அவர் வகுத்த வழியில் பிறர் மேலும் முன்னேறினர். புண்ணுக்குள் வந்த கிருமியைக் கொல்வதைவிட, அது வராமலே தடுப்பது நன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. செருமானிய மருத்துவர்கள் கருவிகளையும் துணிகளையும் நீராவியால் தூய்மை செய்தனர். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் இரப்பர்க் கையுறையைக் கொண்டுவந்தார். கிருமிநாசினியால் கைத்தோல் புண்ணான செவிலி ஒருவருக்காகவே முதலில் அக்கையுறை செய்யப்பட்டது.

இறுதி நாள்கள்

1892 டிசம்பரில் பாஸ்டரின் எழுபதாம் பிறந்தநாள் விழா பாரிசில் நடந்தது. வாழ்த்துரை வழங்கிய லிஸ்டரை, நோயால் தளர்ந்திருந்த பாஸ்டர் எழுந்து தழுவிக்கொண்டார். அடுத்த ஆண்டு, இத்தாலியில் பயணம் செய்தபோது ஆக்னஸ் மறைந்தார். முப்பத்தேழு ஆண்டுகள் உடன் உழைத்த துணையை இழந்த லிஸ்டர், அதன்பின் அறுவைப் பணியிலிருந்து ஒதுங்கினார். எனினும், 1895 முதல் 1900 வரை அரசு அறிவியல் கழகத்தின் தலைவராக விளங்கினார். 1897இல் பிரபு பட்டம் பெற்றார்.

1902இல் முடிசூட்டு விழாவிற்கு இரண்டு நாள்களே இருந்த நிலையில் ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் குடல்வால் அழற்சியால் அறுவை செய்ய நேர்ந்தது. அதனைச் செய்த மருத்துவர்கள் முதியவரான லிஸ்டரின் ஆலோசனையை நாடினர். மன்னர் பிழைத்தார். 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் லிஸ்டர் மறைந்தார். பெருமக்களுக்குரிய வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. உடலோ, அவர் விருப்பப்படி மனைவியின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இன்று நம் இல்லங்களில்

பெனிசிலின் உள்ளிட்ட நுண்ணுயிர் எதிர்மருந்துகள் லிஸ்டரின் காலத்தில் இல்லை. இன்று அவை உள்ளன. எனினும், அளவின்றிப் பயன்படுத்துவதால் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் தோன்றிவருகின்றன. எனவே, லிஸ்டர் வலியுறுத்திய தூய்மையின் தேவை குறையவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் மே 5ஆம் நாளைக் கைத்தூய்மை நாளாகக் கொண்டாடுகிறது.

மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் பேணிய புண், வீட்டுக்கு வந்தபின் குடும்பத்தார் பொறுப்பாகிறது. கடையத்து உழவரின் வீட்டிற்கு மீண்டும் செல்வோம். அவர் வயிற்றுத் தையலைத் தொடுமுன் மனைவியோ மகளோ சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். கட்டு நனையாமலும் அழுக்காகாமலும் காக்க வேண்டும். மருத்துவர் கூறிய நாளில் மட்டுமே கட்டை மாற்ற வேண்டும். அன்பின் மிகுதியால் மஞ்சளையோ திருநீற்றையோ பச்சிலையையோ தையலின்மேல் இடுதல் ஆகாது. சிறுகாயத்திற்குப் பழகிய மருந்து, ஆழமான அறுவைப் புண்ணுக்குக் கேடாகலாம். சாரல் வீசும் காலத்தில் குற்றால அருவி அழைத்தாலும் புண் முழுதும் ஆறும்வரை அருவியிலும் ஆற்றிலும் நீராடலாகாது. மாட்டுத்தொழுவப் பணியையும் சேற்றுழவையும் அதுவரை பிறர் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உடையவர் அதனைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகைபிடிப்பவர் அதனை விட்டொழிக்க வேண்டும். தந்த மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் முழுமையாக உண்ண வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ வெப்பமும் வீக்கமும் மிகுந்தாலோ வலி குறையாமல் கூடினாலோ சீழும் நாற்றமும் தோன்றினாலோ காய்ச்சல் கண்டாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறுவைக்குப் பின் முப்பது நாள்கள் வரையிலும் தொற்று வெளிப்படக்கூடும். எனவே, தையல் பிரித்தபின்னும் கவனம் தேவை.

புண்பட்ட வீரனின் இல்லத்தில் வேப்பிலை செருகிய சங்ககால மகளிரும், கட்டு மாற்றுமுன் கைகழுவும் இக்கால மகளிரும் செய்வது ஒரே காவற்பணியே. காக்க வேண்டியது எதனிடமிருந்து என்பதைத் தெளிவாக்கியவர் லிஸ்டர். அப்பணியை இன்று ஒரு குவளை நீரும் ஒரு துண்டுச் சோப்பும் கொண்டு எவரும் செய்யலாம்.

தெரிந்து தெளிவோம்

லிஸ்டரின் கட்டுரைகள் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே, அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. அதனை வெளியிட்டவர் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழ் மாணவர்களை மருத்துவர்களாக்கிய பெருமை அவருக்கு உண்டு. தமிழ்நாட்டில், வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் செவிலியரைச் சந்தித்து, புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவர் பின்பற்றும் படிநிலைகளைக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.
2. கைகழுவும் முறையை விளக்கும் சுவரொட்டி ஒன்றைத் தமிழில் உருவாக்குக.

குறுவினா

1. பாஸ்டரின் வளைகழுத்துக் குடுவை உணர்த்திய உண்மை யாது?
2. தெளிப்பு முறையை லிஸ்டர் கைவிட்டது ஏன்?

சிறுவினா

1. மயக்க மருந்து கண்டறியப்பட்டபின் அறுவை மரணங்கள் பெருகியது ஏன்? விளக்குக.
2. புண்ணைக் காப்பது குறித்துச் சங்க இலக்கியம் காட்டும் செய்திகளைக் கூறுக.

நெடுவினா

அறுவையின் வெற்றி, அதற்குப் பின்வரும் நாள்களின் பராமரிப்பில் உள்ளது என்பதை லிஸ்டரின் வாழ்வைக் கொண்டு நிறுவுக.